கேரட் மஞ்சளும் நின்றுபோன மாதவிடாயும்: ஓடுகிற பிள்ளைகளின் உணவுக் கோளாறு – எளிய விளக்கம்

பதினாறு வயதுப் பெண்ணின் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. உள்ளங்காலும் அப்படியே. காமாலையோ என்று பயந்து வீட்டில் கீழாநெல்லி அரைக்கிறார்கள். ஆனால் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளை விழி வெள்ளையாகவே இருக்கிறது. காமாலை என்றால் கண் மஞ்சளாகும். கண் தெளிவாக இருந்து கை மட்டும் மஞ்சளானால், அநேகமாக அது கேரட். அதிலுள்ள பீட்டா கரோட்டீன் தோலில் தங்கி நிறம் காட்டுகிறது. அந்த நிறத்தால் ஒரு கெடுதலும் இல்லை. விசாரிக்க வேண்டியது வேறு: இந்தப் பெண் ஒரு நாளைக்கு எவ்வளவு கேரட் தின்கிறாள், எந்தச் சாப்பாட்டுக்குப் பதிலாகத் தின்கிறாள்?

கேத்திப் பாலாடாவிலும் முத்தொரைப் பாலாடாவிலும் கழுவி மூட்டை கட்டுகிற கேரட்டுக்கு நீலகிரியில் பஞ்சமில்லை. பிள்ளை பச்சைக் கேரட்டைக் கடித்துக்கொண்டு திரிந்தால் யாருக்கும் சந்தேகம் வராது, "நல்ல பழக்கம்" என்றுதான் சொல்வார்கள். ஒரு கிலோ கேரட்டில் இருப்பது சுமார் 400 கலோரிதான். ஏறக்குறைய மூன்று தோசை. மூன்று தோசை தின்றவருக்கு இன்னும் ஒன்று இறங்கும். ஒரு கிலோ கேரட் தின்றவருக்கு வயிறு முட்டிவிடும். முட்டைக்கோசில் கலோரி இன்னும் குறைவு. வயிறு நிறைய வேண்டும், உடம்பில் எதுவும் சேரக் கூடாது என்று நினைக்கிற பிள்ளைக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது.

இந்தக் கட்டுரை அப்படி நினைக்கத் தொடங்கிய பிள்ளைகளைப் பற்றியது. குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கு என்று ஏறிக்கொண்டிருக்கும் 12 முதல் 19 வயதுக்காரர்கள். அவர்களுடைய பெற்றோருக்கும் பி.டி. ஆசிரியர்களுக்கும் கோச்சுகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று வெவ்வேறு விஷயங்கள்

முதலாவது, வெறும் பற்றாக்குறை. பயிற்சி கூடியது, சாப்பாடு கூடவில்லை. தேயிலைத் தோட்டத்தில் அம்மா காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுகிறார், பிள்ளை ஆறு மணிக்கு ஒரு டீயோடு மைதானத்துக்குப் போகிறது, மதியம் வரை வேறெதுவும் இல்லை. இதில் பயமோ வெட்கமோ கிடையாது. சாப்பாடு போதவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, குலைந்த உணவுப் பழக்கம். எடை கூடிவிடுமோ என்று இரவுச் சாப்பாட்டை விடுவது, "சோறே வேண்டாம்" என்று ஒரேயடியாக ஒதுக்குவது, அதிகம் தின்றுவிட்டால் மறுநாள் கூடுதலாக நான்கு கிலோமீட்டர் ஓடிக் கழிப்பது. இன்னும் நோயாகவில்லை. நோய்க்குப் போகிற வழி இதுதான்.

மூன்றாவது, நோய். அனோரெக்சியா என்பது எடை எவ்வளவு இறங்கினாலும் குண்டாக இருப்பதாகவே நம்பிப் பட்டினி கிடப்பது. புலிமியா என்பது கட்டுப்பாடு இழந்து ஏராளமாகத் தின்று, பிறகு வாந்தியாலோ பேதி மாத்திரையாலோ கடுமையான ஓட்டத்தாலோ அதைக் கழிக்கப் பார்ப்பது. கழிக்காமல் அடிக்கடி கட்டுமீறித் தின்பதும் தனி நோய்தான். புலிமியாவில் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், அதனால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசினால் இரண்டு தவறு நடக்கும். வறுமையால் குறைவாகச் சாப்பிடும் பிள்ளையை மனநோயாளி என்பார்கள். நோயுள்ள பிள்ளையிடம் "ஒழுங்கா சாப்பிடும்மா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. சாப்பாட்டைக் கூட்டிக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை சந்தோஷமாகச் சாப்பிட்டு இரண்டு மூன்று வாரத்தில் எடை ஏறினால், அது பற்றாக்குறை. தட்டைக் கண்டதும் முகம் மாறினால், வாதாடினால், ஒளித்தால், அழுதால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

கணக்கு

விளையாட்டு மருத்துவத்தில் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சிக்குச் செலவான கலோரியைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதை, உடல் எடையில் கொழுப்பு நீங்கலான பகுதியால் வகுக்க வேண்டும். வருகிற எண்தான் இதயம், மூளை, எலும்பு, ஹார்மோன், வளர்ச்சி எல்லாவற்றுக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று கிடைக்கிற படி. சுமார் 45 இருந்தால் உடம்பு நிம்மதியாக இருக்கும். 30-க்குக் கீழே போனால் ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான பெண்களை 30-க்குக் கீழே ஐந்தே நாள் வைத்தபோது, மாதவிடாய்ச் சுழற்சியை நடத்தும் எல்.எச். ஹார்மோனின் சீரான துடிப்பு குலைந்துவிட்டது.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். எடை 44 கிலோ. அதில் கொழுப்பு 8 கிலோ, மீதி 36. காலையில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறாள். சமதரையில் ஓட, கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி ஆகும், ஆக 440. ஆனால் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் சமதரை ஏது? பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் செலவு ஒன்றரை மடங்கைத் தாண்டும், இறக்கத்தில் கொஞ்சம் குறையும். பயிற்சி அசைவுகளையும் சேர்த்து 600 என்று வைத்துக்கொள்வோம். அவள் சாப்பிடுவது 1,700. மிஞ்சுவது 1,100, அதை 36-ஆல் வகுத்தால் 30 சொச்சம். விளிம்பில் நிற்கிறாள். "ராத்திரி தோசை வேண்டாம்மா" என்று இரண்டு தோசையை விட்டால் 250 போகும், எண் 24-க்குக் கீழே இறங்கிவிடும். இரண்டே தோசை.

அவளுக்கு உண்மையில் வேண்டியது 2,200-க்கு மேல். குறைகிற 500 சொச்சத்தைத் தட்டில் வைத்துப் பார்த்தால் பயமுறுத்துகிற அளவெல்லாம் இல்லை: இரண்டு அவித்த முட்டை, 200 மில்லி பால், ஒரு கை வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம். அதே 500-ஐக் கேரட்டில் எடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ தின்ன வேண்டும்.

இந்தக் கணக்கு பெரியவர்களுக்கு. பிள்ளையிடம் காட்ட வேண்டாம். எண்களைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இந்த நோயின் குணம். கலோரி எண்ணும் செயலி ஏற்கெனவே பிள்ளையின் போனில் இருந்தால், நயமாகப் பேசி முதலில் அதை எடுக்கப் பாருங்கள்.

படி குறைந்தால் உடம்பு எதை நிறுத்தும்

உயிர் பிழைக்க உடனடியாகத் தேவைப்படாததை முதலில் நிறுத்தும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போய், பிறகு நின்றுவிடும். பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும். காலையில் எழும்போது இயல்பாக வரும் விறைப்பு வாரக்கணக்கில் இல்லாமல் போவது அதன் அறிகுறி. கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி அது. எலும்பு புதுப்பிக்கும் வேலை மெதுவாகும். உடல் சூடு குறையும், நாடித்துடிப்பு இறங்கும். சிறு காயம் ஆறாது. ஒரு சளி பிடித்தால் மூன்று வாரம் இழுக்கும். குடல் சோம்பி மலச்சிக்கல் வரும், இரண்டு வாய்க்கே வயிறு ஊதியது போலிருக்கும். "எனக்குப் பசியே இல்ல" என்று பிள்ளை சொல்வது அப்போது பொய்யில்லை.

இந்த முழுத் தொகுப்புக்கு 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு ஒரு பெயர் வைத்தது: விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை. அதற்கு முன் குறைந்த உணவு, நின்ற மாதவிடாய், மெலிந்த எலும்பு மூன்றையும் பெண்களுக்கான முக்கோணம் என்றுதான் அழைத்தார்கள். பையன்களுக்கும் வருகிறது, எலும்பைத் தாண்டிப் பல உறுப்புகளைத் தொடுகிறது என்று தெரிந்தபிறகு பெயர் மாறியது.

மாதவிடாய் பற்றி இங்கே நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால் பரிசோதனை வேண்டும். வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலும் வேண்டும். "நல்லா பிராக்டிஸ் பண்ணா அப்படித்தான் நிக்கும், மீட் முடிஞ்சா வந்துடும்" என்று மைதானத்தில் சொல்வார்கள். அது சரியில்லை. கடுமையாகப் பயிற்சி செய்தும் போதுமான அளவு சாப்பிடும் பெண்களுக்கு மாதவிடாய் வந்துகொண்டுதான் இருக்கும். அது நிற்பது பயிற்சிக்கான பரிசு ஆகாது, எரிபொருள் தீர்ந்ததன் அறிவிப்பு.

இன்னொரு தவறு மருந்துச் சீட்டில் நடக்கிறது. மாதவிடாய் வரவில்லை என்றதும், விசாரிக்காமலே பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) என்று எழுதி, "எடையைக் குறைங்க" என்று சொல்லி அனுப்புவதுண்டு. ஏற்கெனவே பட்டினியில் இருக்கும் பெண்ணுக்கு அதைவிட மோசமான அறிவுரை இருக்க முடியாது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே முந்திச் சொல்லுங்கள்: இவள் வாரத்துக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடுகிறாள், ஆறு மாதத்தில் எடை இவ்வளவு இறங்கியிருக்கிறது, இரவில் சாப்பிடுவதில்லை. ஹார்மோன் மாத்திரை கொடுத்து வரவழைக்கும் உதிரப்போக்கும் இயற்கையான மாதவிடாய் ஆகாது. மாத்திரையால் இரத்தம் வந்துவிட்டது என்று நிம்மதியடைந்தால், உள்ளே எலும்பு இளைத்துக்கொண்டே போகும்.

எலும்பு இளைப்பது ஏன் இவ்வளவு பெரிய கவலை? வாழ்நாள் முழுக்க வைத்துப் புழங்க வேண்டிய எலும்புக் கையிருப்பில் ஏறக்குறைய 90 சதவீதம், பெண்களுக்கு 18 வயதுக்குள்ளும் பையன்களுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் இரண்டு வருடம் சேமிக்காமல் போனால் பிறகு முழுதாக ஈடுகட்ட முடியாது. முதலில் தெரியும் அடையாளம் கணுக்காலுக்கு மேலே, கணைக்கால் எலும்பின் உள்பக்கம். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி, ஓடினால் கூடும், ஒரு காலில் குதித்தால் சுரீர் என்று பிடிக்கும். எலும்பில் மயிர்க்கோடு போல விரிசல். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில், அதாவது இடுப்புக் கவட்டையில் வலி என்றால், அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே விரிசல் முழு முறிவானால் அறுவைச் சிகிச்சைதான். மலைச் சாலையில் இறக்கத்தில் ஓடும்போது ஒவ்வொரு அடியும் சமதரையைவிட வலுவாக இடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வருடத்தில் இரண்டாவது விரிசல் வந்த பிள்ளைக்குக் கட்டுப் போடுவது மட்டும் போதாது, தட்டையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்க ஓட்டக்காரர் மேரி கெய்ன் 2013-இல், 17 வயதில், உலகத் தடகளப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். எடையைக் குறை, இன்னும் குறை என்ற அழுத்தத்தில் மூன்று வருடம் மாதவிடாய் நின்றது, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய திறமைக்கும் உடம்பு சலுகை காட்டவில்லை.

முதலில் வேகம் கூடும், அதுதான் பொறி

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். எடை குறைந்த முதல் சில வாரங்களில் டைமிங் குறையலாம். சுமக்க வேண்டிய பாரம் குறைந்தது, உள்ளே இருப்பு இன்னும் தீரவில்லை. பிள்ளை ஒரு மீட்டில் தன் சிறந்த நேரத்தை ஓடும், கோச் தட்டிக்கொடுப்பார், வீட்டில் சந்தோஷம். "பாத்தியா, ரெண்டு கிலோ குறைஞ்சதும் எப்படி ஓடுற! இன்னும் ரெண்டு குறைச்சா மாநிலத்துல பிளேஸ் உறுதி." கோச் கெட்டவர் இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறார். ஆனால் அந்த வேகம் கடன் வாங்கியது. தசை கரைந்து, இரும்புச்சத்து இறங்கி, கால் கனத்துப்போய், சில மாதங்களில் அதே பிள்ளை பழைய நேரத்தைக்கூடத் தொட முடியாமல் நிற்கும். அப்போது பிள்ளை எடுக்கும் முடிவு, "இன்னும் குறைக்க வேண்டும்" என்பதாகவே இருக்கும்.

பட்டினி மனதையும் மாற்றிவிடும். 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் ஒரு சோதனைக்கு முன்வந்து, 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். நாளைக்கு ஏறக்குறைய 1,600 கலோரி, கூடவே நிறைய நடை. யாருக்கும் முன்பு உணவு நோய் கிடையாது. சில வாரங்களில் நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு தட்டை மணிக்கணக்கில் பிசைந்து தின்றார்கள், எரிந்து விழுந்தார்கள், எப்போதும் குளிரில் நடுங்கினார்கள். "இவளுக்குத் திமிர், பிடிவாதம்" என்று வீட்டில் சொல்கிற பல குணங்கள் பட்டினியின் விளைவுகள். உணவு திரும்பும்போது அவற்றில் பாதி தானாகத் திரும்பிப் போகும்.

எந்த விளையாட்டில் அதிகம்? நீண்ட தூர ஓட்டம், ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல், நடனம் கலந்த போட்டிகள், எடைப்பிரிவு உள்ளவை. நார்வேயின் உயர்மட்ட விளையாட்டு வீரர்களை வைத்து 2004-இல் வெளியான ஆய்வில் 13.5 சதவீதத்தினருக்கு உணவுக் கோளாறு இருந்தது, விளையாடாதவர்களில் 4.6 சதவீதம். பெண் வீரர்களில் ஐந்தில் ஒருவர், ஆண் வீரர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரை நம் ஊரில் யாரும் தேடுவதே இல்லை. குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோவோடு கபடியிலும் எடை வரம்பு உண்டு. போட்டிக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு ஓடி, எச்சில் துப்பி எடையை இறக்கும் பையன்கள் உண்டு. 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை இறக்கும்போது சில வார இடைவெளியில் இறந்தார்கள், அதன்பிறகுதான் அங்கே விதிகள் மாறின. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் 100 கிராம் கூடுதலுக்காக இறுதிப் போட்டியை இழந்ததை எல்லாரும் பார்த்தோம். மருத்துவரும் உணவு நிபுணரும் கூடவே நின்ற ஒருவருக்கே அந்த நிலை. எட்டாம் வகுப்புப் பையன் அதைத் தனியாகச் செய்து பார்க்கக் கூடாது. வளர்கிற வயதில் அவனுக்கு வழி ஒன்றுதான்: அடுத்த எடைப்பிரிவில் இறங்குவது.

மலை எதையெல்லாம் மறைக்கும்

சமவெளியில் எளிதாகக் கண்ணில் படும் பல அடையாளங்கள் இங்கே கண்ணில் படாது. வருடம் முழுக்க ஸ்வெட்டரும் ஜெர்கினும். தோள் எலும்பு துருத்துவதும் கை மெலிந்ததும் உள்ளேயே இருந்துவிடும். எப்போதும் குளிர்கிறது என்று பிள்ளை சொன்னால், "ஊட்டியில குளிராம?" என்போம். கால்விரல் ஊதா நிறமாவதைப் பனி என்போம். கூடவே வீட்டில் இருக்கும் மற்றவர்களோடு ஒப்பிடுங்கள். எல்லாரும் ஒரு ஸ்வெட்டரோடு இருக்கும்போது இவள் மட்டும் இரண்டு போட்டு, கம்பளியில் சுருண்டு, அடுப்படியை விட்டு நகராமல் இருந்தால் அது பனி மட்டும் இல்லை. முதுகிலும் முன்னங்கையிலும் பூனை மயிர் போல மெல்லிய ரோமம் முளைத்திருந்தால், உடம்பு தன்னைப் போர்த்திக்கொள்ளப் பார்க்கிறது என்று பொருள்.

டீயும் மறைக்கும். கட்டன் டீ பசியைத் தள்ளிப்போடும், சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் பயிற்சி செய்கிறவருக்கு அது இரட்டை நட்டம். உயரத்தில் ஓடுவதன் பலனே சிவப்பணு கூடுவது, அதைச் செய்ய இரும்பு வேண்டும், கலோரியும் வேண்டும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு இரத்தப் பரிசோதனையில் 30-க்குக் கீழே இருக்கும் பிள்ளை ஊட்டியில் எவ்வளவு ஓடினாலும் உயரத்தின் பலன் சரியாகக் கிடைக்காது. டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளினாலே பாதி வேலை முடிந்தது.

நாடித்துடிப்பும் ஏமாற்றும். நல்ல ஓட்டக்காரருக்கு நாடி மெதுவாகத்தான் இருக்கும், அதனால் 46 என்று வந்தால் "செம ஃபிட்" என்பார்கள். எடை இறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பகலில், ஓய்வாகப் படுத்திருக்கும்போது 50-க்குக் கீழே இருந்தால் அதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனை. எழுந்து நின்றதும் கண் இருட்டுவது, மயக்கம், நெஞ்சு படபடப்பு, உடல் சூடு 35.6 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது, தண்ணீர்கூட மறுப்பது, இவற்றில் எது வந்தாலும் அப்படித்தான்.

சாப்பாட்டு மேசையில்

நோயை முதலில் காட்டுவது தட்டு, எடை பார்க்கும் மெஷின் பிறகுதான். ஒரு தோசை இருபது துண்டாகப் பிய்க்கப்பட்டிருக்கும். ஓரம் மட்டும் கடிக்கப்பட்டு நடுப்பகுதி தட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். தோசையில் எண்ணெய் மினுங்கினால் விரல் நுனியால் ஒற்றி எடுப்பாள், தேங்காய்ச் சட்னியைத் தொடமாட்டாள், சாம்பாரில் பருப்பை விட்டுத் தண்ணீரைக் குடிப்பாள். அரை மணி நேரம் கழித்துத் தட்டைப் பார்த்தால் வைத்ததில் முக்கால்வாசி அப்படியே இருக்கும், ஆனால் பரப்பி வைத்ததில் நிறையத் தின்றதுபோல் தெரியும். டிபன் பாக்ஸ் தினமும் துடைத்துவைத்ததுபோல் திரும்பி வரும், தோழிகள்தான் தின்றிருப்பார்கள். சத்துணவு முட்டை பக்கத்து இலைக்குப் போகும். "ஸ்கூல்லயே சாப்டுட்டேன்", "வயிறு சரியில்ல", திடீரென்று சைவம், திடீரென்று வாரம் மூன்று நாள் விரதம். வீட்டாருக்கு மட்டும் விதவிதமாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் தின்னாமல் இருப்பதும் உண்டு.

வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அடையாளம் வேறு. சாப்பிட்டதும் பத்து நிமிடத்துக்குள் பாத்ரூம், குழாய் திறந்தபடி. வலக்கை விரல் முட்டியில் பல் பட்ட தழும்பு. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் தாடை வீங்கி, மெலிந்த முகம் திடீரென்று சதைப்பிடிப்பாகத் தெரியும். முன்பல்லின் உள்பக்கம் எனாமல் தேய்ந்து பல் கூசும், பல் மருத்துவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். வாந்தியெடுத்த உடனே பல் தேய்த்தால் எனாமல் இன்னும் போகும், வெறும் தண்ணீரில் கொப்பளிப்பதே நல்லது. வாந்தியும் பேதி மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்கும், பொட்டாசியம் இறங்கினால் இதயம் முன்னறிவிப்பின்றித் தடுமாறும். எடை சரியாக இருக்கிறதே என்று இந்தப் பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். பேதி மாத்திரையால் போவது பெரும்பாலும் தண்ணீர். தின்ற கலோரி அதற்கு முன்பே உடம்பில் சேர்ந்துவிட்டிருக்கும்.

இன்னொன்று. வளர்கிற பிள்ளைக்கு எடை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வருடத்தில் உயரம் நான்கு சென்டிமீட்டர் கூடி, எடை அதே 40-இல் நின்றால், அது எடை குறைந்ததற்குச் சமம்.

என்ன செய்வது

மைதானத்தில்: எல்லார் முன்னாலும் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். எடை தெரியவேண்டிய அவசியம் இருந்தால் தனியாக, காரணத்தோடு, மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். "குண்டு", "தொப்பை", "சோத்து மூட்டை" போன்ற வார்த்தைகளைக் கேலிக்குக்கூடச் சொல்ல வேண்டாம். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்த பிள்ளைகள் பலர். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் சுண்டலோ முட்டையோ வாழைப்பழமோ கையில் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். எல்லாரும் சேர்ந்து தின்னும்போது யார் தின்னவில்லை என்பதும் தெரிந்துவிடும். அதிகாலைப் பயிற்சிக்கு வெறும் டீயோடு யாரையும் ஓடவிடாதீர்கள். ஒரு வாழைப்பழம், இரண்டு ரொட்டி, ஒரு டம்ளர் ராகிக் கஞ்சி, எதுவானாலும் சரி.

சந்தேகம் வந்தால் பேச்சை எடையில் தொடங்காதீர்கள். "மெலிஞ்சுட்டே" என்று சொன்னால் நோயுள்ள பிள்ளை அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும். "நல்லா ஆயிட்டே" என்றால் குண்டாகிவிட்டேன் என்று கேட்கும். கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: "ரெண்டு வாரமா பிராக்டிஸ் முடிஞ்சு படியேறவே திணறுற. காலும் ஆறல. எனக்குக் கவலையா இருக்கு பாப்பா, அம்மாகிட்ட பேசட்டுமா?" முதல் முறை மறுக்கும். கோபப்படும். விட்டுவிடாமல் நான்கு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

வீட்டில்: வளரிளம் வயதினருக்குப் பலன் தரும் சிகிச்சைகளில் பெற்றோர் சாப்பாட்டின் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் முறைக்குத்தான் ஆதாரம் அதிகம். என்ன, எவ்வளவு, எப்போது என்பதைக் கொஞ்ச காலம் அம்மாவோ அப்பாவோ முடிவு செய்கிறார்கள். மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிறுதீனி, மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல். பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டு முடிந்து ஒரு மணி நேரம் கூடவே இருக்க வேண்டும், டிவி பார்க்கலாம், தாயம் விளையாடலாம், சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேச வேண்டாம். பேரம் பேசாமல், கத்தாமல், "இது மருந்துடா கண்ணு, சாப்பிட்டுத்தான் ஆகணும். நான் இங்கேயே இருக்கேன்" என்ற ஒரே பேச்சு. பாட்டி ஒரு பக்கம் "விடு, பாவம்" என்றும் அப்பா ஒரு பக்கம் "அடிச்சா சரியாயிடும்" என்றும் பிரிந்தால் நோய் அந்த இடைவெளியில் நுழையும். முதலில் பெரியவர்கள் ஒன்றுபட வேண்டும். யாரால் வந்தது என்று தேடுவதில் நேரம் போக வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வாரக்கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமே தின்னாமல் மிகவும் மெலிந்துவிட்ட பிள்ளைக்குப் பாசத்தில் ஒரே நாளில் பிரியாணியும் பாயசமும் ஊட்டக் கூடாது. திடீரென்று வரும் மாவுச்சத்தைக் கையாள உடம்பு இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், இதயம் நிற்கும் அபாயம் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனையில், இரத்தப் பரிசோதனையோடு, படிப்படியாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது கேட்டுவாங்க வேண்டியவை: படுத்தும் நின்றும் நாடியும் இரத்த அழுத்தமும், இ.சி.ஜி., பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி. இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, கடைசி வரை சரியாகவே காட்டக்கூடியது அது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். உடம்பைப் பார்க்கும் மருத்துவர், மனநல மருத்துவர், உணவு ஆலோசகர் மூவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது, ஒருவர் மட்டும் போதாது. மனநலம் என்றதும் தயங்கும் வீடுகள் முதலில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, சாக வேண்டும் என்ற பேச்சு, இவற்றுக்கு 108.

மறுபடி ஓடுவது எப்போது

பிள்ளை கேட்கும் முதல் கேள்வி இதுதான், அதனால் பதிலை முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது. ஓட்டத்தை ஒரேயடியாகப் பறித்தால் பிள்ளைக்குச் சாப்பிட ஒரு காரணமும் மிஞ்சாது. விட்டுவைத்தால் சாப்பிட்டதெல்லாம் ஓட்டத்தில் போய்விடும். ஒலிம்பிக் குழு 2023-இல் புதுப்பித்த முறையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிலைகள் வைத்திருக்கிறார்கள். சிவப்பில் பயிற்சியும் இல்லை, போட்டியும் இல்லை. ஆரஞ்சிலும் மஞ்சளிலும் மருத்துவர் சொன்ன அளவு மட்டும். நிறத்தை முடிவு செய்வது மருத்துவர். மீட் நெருங்குகிறது என்பதற்காகக் கோச்சோ பெற்றோரோ மாற்றக் கூடாது. முதலமைச்சர் கோப்பை அடுத்த வருடமும் வரும்.

நாடி சீராகி, எடை தொடர்ந்து ஏறி, எலும்பு வலி போன பிறகு தொடங்கலாம். மாதவிடாய் திரும்புவது நல்ல அறிகுறி, ஆனால் மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். கோச், பெற்றோர், மருத்துவர், பிள்ளை நால்வரும் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்தால் சண்டை குறையும்: இந்த எடைக்குக் கீழே இறங்கினால் அன்றே ஓட்டம் நிற்கும், ஒரு வேளை சாப்பாடு விட்டால் அன்றைய பயிற்சி இல்லை, வாரம் ஒருமுறை எடை செவிலியர் மட்டும் பார்ப்பார். முதல் இரண்டு வாரம் ஏற்றமும் இறக்கமும் வேண்டாம். மைதானத்தில் சமதரையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், நடையும் மென்னோட்டமும் கலந்து இருபது நிமிடம். வாட்ச் வீட்டில் இருக்கட்டும். ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம், முடித்ததும் கோச்சின் பக்கத்தில் உட்கார்ந்து முட்டையும் பாலும்.